முள்ளும் மிதவையும்

1957-ல் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் ஸெவன் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டவர்கள் இங்கிலாந்தில் பலர். 1996-ல் ரான் சாம்பியன், அதே ஜாதிக் கார் ஒன்றை 250 பவுண்டுக்கே கட்டிவிடலாம் என்று ஒரு புத்தகம் எழுதிய பிறகு, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் எஞ்சினையும் அச்சையும் கழற்றி, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் கட்டும் உற்சாகம் எத்தனையோ கார்க் கொட்டகைகளுக்குப் பரவிற்று. லோகாஸ்ட் என்று பெயர் பெற்ற இந்தக் கார்களில், எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் மீட்டர்கள் வேறொன்றிலிருந்தும் வந்து சேர, பெட்ரோல் டேங்க் மட்டும் அலுமினியத் தகட்டில் புதிதாக உருவாவதால், டாஷ்போர்டில் இருக்கும் முள்ளுக்கும் டேங்கினுள் இருக்கும் மிதவைக்கும் பூர்வ சம்பந்தம் எதுவும் இருப்பதில்லை.

நண்பர் ஒருவர் அங்கே கட்டி முடித்த காரில் இந்தச் சம்பந்தத்தை ஏற்படுத்தும் உபாயங்களைச் சோதித்துப் பார்த்தேன். அவர் வாங்கியிருந்த மீட்டர் விடிஓ ஜாதி; டேங்க் காலியானால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம் மின்தடையை எதிர்பார்ப்பது. மிதவையின் உயரத்தை மின்தடையாக மாற்றித் தரும் டேங்க் யூனிட்டோ கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பொதுவகை. காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம் தருவது. ஒன்று ஏறும் திசையில் மற்றொன்று இறங்குகிறது. யூனிட்டை மேஜைமேல் வைத்து மல்டிமீட்டரை இணைத்து, மிதவைக் கம்பியை விரலால் மெல்லத் தூக்கியபோது எண் 240-லிருந்து படிப்படியாகக் குறைந்து, உச்சியில் 33-ஐ ஒட்டி நின்றது. அதையே மீட்டரோடு பூட்டியதும், மிதவை அடியில் கிடக்கையில் முள் நிறைவுக் கோட்டையும் தாண்டிச் சாய்ந்தது. பெட்ரோல் தீர்ந்த வேளையில் டேங்க் ததும்புகிறது என்று சொல்லும் சாதனம், மீட்டரே இல்லாத காரைவிட விபரீதமானது.

கம்பியை அச்சின் மறுபக்கம் மாற்றிப் பூட்ட அந்த யூனிட்டில் வசதி இருந்தபடியால், திசையை எளிதில் திருப்பிவிட்டோம். இப்போது காலியில் 33, நிறைவில் 240. இத்துடன் 720 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால், 240 மிகச் சரியாக 180 ஆகிறது. ஆனால் 33 என்பது 31.6 ஆக மட்டுமே குறைகிறது. மீட்டர் கேட்பது 10. ஆகவே நிறைந்த டேங்கில் முள் சத்தியம் பேசியது. வற்றிய டேங்கில் இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது என்றே காட்டியது. சில காசில் கிடைக்கும் ரெஸிஸ்டர் என்பதற்காக இந்த யுக்தியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். பிரயாணிக்குப் பிராணாதாரமான காலி முனையைத் திருத்தாத உபாயத்தை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது உபாயம், யூனிட்டுக்கும் மீட்டருக்கும் நடுவே பொருத்தும் சிறு மின்னணுப் பெட்டி. காலி, அரை, நிறைவு என்ற நிலைகளில் யூனிட் தரும் மின்தடையை இது மனனம் செய்துகொண்டு, மீட்டர் எதை எதிர்பார்க்கிறதோ அதையே அதற்கு வழங்குகிறது. திசை மாறியிருந்தாலும் கவலையில்லை. அடி குறுகி மேல் அகன்ற டேங்கில் மிதவையின் உயரத்துக்கும் பெட்ரோலின் அளவுக்கும் பொருத்தம் இராது என்பதால், அளந்து அளந்து பெட்ரோல் ஊற்றி ஒவ்வொரு நிலையையும் அதற்குக் கற்பிக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு: அரைக் கோட்டில் முள் நின்றபோது உண்மையிலேயே பாதி டேங்க் இருந்தது. ஆனால் பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றுக்குச் சராசரி 10 வோல்ட் கொடுக்கும் பழைய ஸ்டெபிலைஸர், மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் இயல்புடையது. மின்னணுப் பெட்டிக்கு அது ஒவ்வாது. நிதானமாக மின்சாரம் தரும் புதிய ஸ்டெபிலைஸரை அங்கே வைப்பதே உசிதம்.

எந்த உபாயமானாலும் எர்த் வயரை அலட்சியம் செய்யலாகாது. பெயின்ட் பூசிய இடத்தில் எர்த் கொடுத்தால் அங்கே எழும் வேண்டாத மின்தடை, 240–33 முறையில் முள்ளைத் தாழ்த்தும்; விடிஓ முறையிலோ உயர்த்திக் காட்டி ஏமாற்றும்.

என் தீர்ப்பு இதுதான். மீட்டர் புதிதாயின், அதற்கென்றே உள்ள 10–180 யூனிட்டைச் சேர்த்து வாங்குவதே உத்தமம். அழகிய பழைய மீட்டரை விட மனமில்லாதவர்களும், கோணலான டேங்க் வைத்திருப்பவர்களும் மின்னணுப் பெட்டிக்குச் செலவிடலாம். அதை அமைக்கும்போது, வெறும் டேங்கில் 5 லிட்டர் ஊற்றிய பிறகு அந்த நிலையையே காலி என்று கற்பித்துவிடுங்கள்.