கேட்டுப் பார்க்க வேண்டிய டிராக்டர்

லான்ஸ் புல்டாக் டிராக்டரைக் கிளப்புவதென்றால் அதன் ஸ்டியரிங்கைத் தண்டோடு உருவி எடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோய் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஃபிளைவீலின் நடுவில் செருக வேண்டும். வளைத்து ஓட்டுவதும் அந்த ஸ்டியரிங் சக்கரத்தால்தான், எஞ்சினை எழுப்புவதும் அதே சக்கரத்தால்தான்.

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் இருந்த ஹைன்ரிஷ் லான்ஸ் கம்பெனிக்காக ஃப்ரிட்ஸ் ஹூபர் என்ற எஞ்சினியர் 1921-ல் கொண்டுவந்த வண்டி இது. ஒரே சிலிண்டர், 12 குதிரைத்திறன். அந்த முதல் மாடலில் ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால் போக வேண்டுமா, எஞ்சினையே எதிர்ப்பக்கமாகச் சுழலவிட வேண்டும். முன்னால் துருத்திக்கொண்டிருந்த எஞ்சின் மூஞ்சியைப் பார்த்துத்தான் புல்டாக் என்று பெயர் வைத்தார்கள் என்பார்கள். பிறகு வந்த பெரிய மாடல்களிலும் ஒரே சிலிண்டர்தான், ஆனால் அந்த ஒன்றின் கொள்ளளவே 10.3 லிட்டர். பிஸ்டனின் விட்டம் 225 மில்லிமீட்டர். இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்ற இந்தக் குடும்பம், 1956-ல் கம்பெனி ஜான் டீர் கைக்குப் போனபின் 1960-ல் முடிவுக்கு வந்தது.

பழைய புல்டாக் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. டீசல் எஞ்சினைப் போலக் காற்றை இறுக்கி நசுக்கித் தீ உண்டாக்கும் அழுத்தமும் இல்லை. சிலிண்டர் தலையில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கிறது. அது பழுக்கக் காய்ந்திருந்தால் மேலே பீய்ச்சப்படும் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு வெடிப்பின் சூடும் அடுத்த வெடிப்புக்குக் குமிழைக் காய வைத்துவிடும். இப்படிப்பட்ட எஞ்சினுக்கு எண்ணெயின் தரம் பற்றிப் பெரிய கவலை இல்லை. சுத்திகரிக்காத கச்சா எண்ணெயையும் குடித்து உழும். ஏழை விவசாயிக்கு அது பெரிய வரம்.

இன்று இந்த வண்டிகளைத் தேடிப் பிடித்துச் சீர்செய்பவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒரு சாதி, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்து நிறுத்தும். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில்கூட அந்த வண்டி அப்படி மின்னியிருக்காது. எனக்கு அந்தப் பளபளப்பின் மேல் நம்பிக்கை இல்லை. புல்டாக் நன்றாகச் சீர்செய்யப்பட்டிருக்கிறதா என்பதைக் காதுதான் சொல்லும். கண்ணை ஏமாற்ற ஒரு டப்பா பெயின்ட் போதும்.

உண்மையான வேலை, அதாவது மற்ற சாதி செய்யும் வேலை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பல வருஷம் கொட்டகையில் கிடந்த வண்டியில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். அங்கே சம்மட்டியைத் தூக்கியவன் கெட்டான். எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அவ்வப்போது ஃபிளைவீலை இம்மி அசைத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். புகை வெளியேறும் துவாரங்களில் கரி கல்லாக இறுகியிருக்கும்; அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்க மறந்த வண்டியென்றால் அது உறைந்து விரிந்து வாட்டர் ஜாக்கெட்டே வெடித்திருக்கும். இவற்றையெல்லாம்விட நுணுக்கமானது கிராங்க் கேஸ். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டனின் அடிப்பக்கம் கிராங்க் கேஸிலிருக்கும் காற்றை அழுத்தித்தான் சிலிண்டருக்குள் அனுப்புகிறது. கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் சீல் தேய்ந்திருந்தால் அந்தக் காற்று கசியும். வெளியே ஒரு சொட்டு எண்ணெய்க் கறைக்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி உயிரை வாங்கிவிடும்.

அந்த ஸ்டார்ட் பண்ணும் காட்சிக்கு வருவோம். புளோ லாம்பைப் பற்றவைத்துக் குமிழுக்கு அடியில் வைக்கிறார்கள். நீலச்சுவாலை சீறிக்கொண்டே இருக்கும். குமிழ் மங்கிய சிவப்புக்கு வரும்வரை வேறு வேலை இருக்கிறது. சிலிண்டருக்கும் பேரிங்குக்கும் எண்ணெய் அளந்து கொடுக்கும் சின்ன பம்பின் கைப்பிடியைச் சுற்றி, காய்ந்து கிடக்கும் உறுப்புகளுக்கு முன்கூட்டியே எண்ணெய் ஊட்ட வேண்டும். தெரிந்தவர்கள் இதில் அவசரப்படுவதே இல்லை. பிறகு எரிபொருள் பம்பைக் கையால் சில தரம் அடிப்பார்கள். அதன்பின்தான் ஸ்டியரிங்.

புதியவர்கள் அதைப் பிடித்துச் சுற்றப் பார்ப்பார்கள். சுற்றக் கூடாது, ஆட்ட வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் சிலிண்டருக்குள் காற்று இறுகித் திருப்பித் தள்ளும். அந்த எதிர்விசையையே வாங்கிக்கொண்டு மறுபக்கம் தள்ள வேண்டும். மல்லுக்கட்டுகிறவன் வியர்த்துப் போவான். வாங்கிக் கொடுப்பவனுக்கு இரண்டு மூன்று ஆட்டமே போதும். திடீரென்று 'தொப்' என்று ஒரு சத்தம், புகைக்குழாயிலிருந்து ஒரு புகை வளையம். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஸ்டியரிங் தண்டு, ஃபிளைவீலோடு அதைப் பிணைத்திருக்கும் கொக்கியிலிருந்து விடுபடும். அந்த நொடியில் அதை வெளியே உருவிவிட வேண்டும். கொக்கி தேய்ந்து தண்டு சிக்கிக்கொண்டால் மணிக்கட்டுக்கு ஆபத்து. சீர்செய்பவர் அந்தக் கொக்கியைச் சரியாகப் பார்த்திருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இப்போது எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது? அது எஞ்சினின் இஷ்டம். எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தால், முன் கியர் போட்டாலும் வண்டி பின்னால் பாயும். அணைத்துவிட்டு மறுபடி கிளப்ப வேண்டியதில்லை. எரிபொருளைக் குறைத்து, சாகப்போகிறது என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அடிகள் தளர்ந்து, ஒரு கட்டத்தில் ஃபிளைவீல் அழுத்தத்தைத் தாண்ட முடியாமல் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலில் எரிபொருளைக் கொடுத்தால் எஞ்சின் திசை மாறி ஓடும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் காரியம் கெட்டது. கிணற்றடியில் ஆயில் எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த அடி விழுமா விழாதா என்பது அவர்கள் காதுக்குத் தெரியும்.

கண்காட்சிகளில் வேகத்தை மிகவும் குறைத்து, முன்சக்கரங்கள் தரையில் குதிக்கும்படி வண்டியை ஆடவிட்டுக் கைதட்டு வாங்குவார்கள். கூட்டத்துக்கு அது பிடிக்கிறது. எனக்கென்னவோ அது வித்தை காட்டுவதாகத்தான் படுகிறது. அந்தக் குதிப்புக்குச் சற்று மேலே, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஆனால் ஒன்றுக்கொன்று தயங்காமல் விழும் ஓர் இடம் இருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சீலும் எண்ணெய் பீய்ச்சும் நாசிலும் சரியாக இருக்கும் வண்டி மட்டுமே அங்கே நிலையாக நிற்கும்.

நின்றாலும் வெகுநேரம் நிற்காது. சும்மா ஓடவிட்டால் குமிழ் ஆறிப்போய் அடி தவறும். அதனால்தான் விவரம் தெரிந்த உரிமையாளர்கள் வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பதில்லை. பெல்ட் மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரத்தையோ மரம் அறுக்கும் ரம்பத்தையோ ஓட்டுவார்கள். பாரம் ஏறியதும் சத்தம் கனத்து இறங்கும். ஜெர்மனிப் பக்கம் போகிறவர்கள் பழைய டிராக்டர் கண்காட்சியில் ரம்பம் ஓடும் நேரம் எதுவென்று முன்பே விசாரித்துக்கொண்டு போகலாம். மற்ற நேரங்களில் பெயின்ட்டைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.