ஜிம்மி எல்லிஸை எந்த வரிசையில் வைப்பது?

எங்கள் பெரியப்பா 1980-ல் தருமபுரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து மெட்ராஸ் போய், நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியைப் பார்த்துவிட்டு வந்தவர். வீட்டில் யாராவது குத்துச்சண்டை என்று வாயெடுத்தால் போதும், அந்தக் கதை ஆரம்பித்துவிடும். 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது மறுபடியும் ஒரு சுற்று ஓடியது. கதையில் அலி வருவார், எம்.ஜி.ஆர். வருவார், கூட்டம் வரும். “அலி யார் கூட மோதினாரு பெரியப்பா?” என்று கேட்டால் மட்டும் சுருதி இறங்கிவிடும். “அவரே கூட்டிட்டு வந்த ஆளு ஒருத்தன்பா. சும்மா ஷோவுக்கு.”

அந்த ‘ஆளு ஒருத்தன்’ ஜிம்மி எல்லிஸ். 1968 முதல் 1970 வரை உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் சாம்பியன். பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை. 60, 70-களின் ஹெவிவெயிட்டுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ரசிகர்களும் எல்லிஸை இப்படித்தான் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். அதற்குக் காரணம் நாம் வாதம் பண்ணுகிற முறையில் இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் ஊர் டீக்கடையில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள். “அலியையே நார்ட்டன் தோற்கடிச்சான். அந்த நார்ட்டனை ஃபோர்மேன் ரெண்டே ரவுண்டுல முடிச்சான். அப்ப ஃபோர்மேன்தானே பெரியவன்?” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததும் உண்மைதான். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். 1974 மார்ச்சில் காரகாஸில் நார்ட்டனை ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். ஆனால் அதே வருஷம் அக்டோபரில் கின்ஷாசாவில் அலி எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேனைப் படுக்க வைத்துவிட்டார். ஏணி என்று நினைத்து ஏறினால் அது ராட்டினம். ஏறிய இடத்திலேயே இறக்கி விடுகிறது.

இது ஏதோ ஒரு தடவை நடந்த அதிசயம் என்று நினைத்தால், எல்லிஸின் கதையிலேயே இன்னும் இரண்டு ராட்டினம் இருக்கிறது.

முதலாவது: 1966-ல் அர்ஜென்டினாவின் ஆஸ்கர் போனவேனா, ஜோ ஃப்ரேசியரை இரண்டு முறை கீழே விழ வைத்தார். ஃப்ரேசியர் எப்படியோ எழுந்து பாயிண்டில் தப்பித்தார். 1967 டிசம்பரில் அந்தப் போனவேனாவை எல்லிஸ் இரண்டு முறை விழ வைத்து ஜெயித்தார். 1970 பிப்ரவரியில் ஃப்ரேசியர், அந்த எல்லிஸை ஒரே ரவுண்டில் இரண்டு முறை விழ வைத்தார். எல்லிஸ் ஐந்தாவது ரவுண்டுக்கு எழுந்து வரவே இல்லை.

இரண்டாவது: 1968-ல் ஜெர்ரி குவாரியை ஜெயித்துத்தான் எல்லிஸ் பட்டம் வாங்கினார். 1973 டிசம்பரில் குவாரி, எர்னி ஷேவர்ஸை முதல் ரவுண்டிலேயே முடித்தார். அதே வருஷம் ஜூனில் எல்லிஸை முதல் ரவுண்டில் நாக்அவுட் செய்தவர் இந்த ஷேவர்ஸ்தான்.

இந்த மூன்று பேரை இப்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துங்கள் பார்ப்போம்!

ஏன் இப்படி ஆகிறது? குத்துச்சண்டையில் பலம் என்பது ஒரு ஆளிடம் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிற சரக்கு இல்லை. எதிரில் யார் நிற்கிறான் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். ஃப்ரேசியர் குனிந்து முன்னேறி வருகிறவர், அதனால் ஃபோர்மேன் கீழிருந்து மேலே போடும் குத்துக்கு வாகாக வந்து மாட்டினார். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அதே ஃபோர்மேனைக் குத்தவிட்டே களைக்க வைத்தார். சார்பட்டாவில் டான்சிங் ரோஸ் வருகிற சண்டை எல்லாருக்கும் பிடித்ததற்கும் இதுதான் காரணம் என்பேன். யாருக்குப் பலம் அதிகம் என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. அந்தக் கால்களை எப்படிப் பிடிப்பது என்றுதான் பார்க்கிறவனும் கபிலனோடு சேர்ந்து தவிக்கிறான்.

எல்லிஸ் பற்றி எதிர்த்தரப்பு சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-ல் அலியின் பட்டத்தைப் பிடுங்கினார்கள். காலியான நாற்காலிக்கு எட்டுப் பேரை வைத்துப் போட்டி நடத்தினார்கள். ஃப்ரேசியர் அதில் கலந்துகொள்ளவில்லை. ஆகவே எல்லிஸுக்குக் கிடைத்தது அரைப் பட்டம்தான். பட்டத்தைக் காக்க ஃப்ளாய்ட் பேட்டர்சனோடு ஸ்டாக்ஹோமில் மோதியபோது, பேட்டர்சன்தான் ஜெயித்தார் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அதற்கப்புறம் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் எல்லிஸ் மேடையே ஏறவில்லை. இவை எல்லாம் நியாயமான குற்றச்சாட்டுகள். ஃப்ரேசியருக்குப் பக்கத்தில் அவரை வைக்க நானும் வரமாட்டேன்.

ஆனால் அந்த ஆளின் உடம்பைக் கணக்கில் எடுங்கள். எல்லிஸ் மிடில்வெயிட்டாகத் தொடங்கியவர். ஹெவிவெயிட் பட்டம் வாங்கியபோதே எடை 200 பவுண்டை ஒட்டித்தான். இன்றைக்கு இருந்தால் அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே யோசிப்பார்கள், ஒரு படி கீழே குரூசர்வெயிட்டில் நிறுத்துவார்கள். 1971-ல் ஹூஸ்டனில் அலியோடு நின்றபோது இருவருக்கும் 30 பவுண்டு போல வித்தியாசம். அப்படியும் பன்னிரண்டாவது ரவுண்டு வரை தாங்கினார். இருவரும் லூயிவில் நகரத்துக்காரர்கள், சின்ன வயசிலிருந்தே பழக்கம், அமெச்சூர் காலத்தில் ஆளுக்கு ஒரு வெற்றி. பல வருஷம் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர் எல்லிஸ். இருவருக்கும் ஒரே வாத்தியார், ஆஞ்சலோ டண்டீ. ஹூஸ்டன் சண்டையில் டண்டீ நின்றது எல்லிஸின் மூலையில். தனக்குத் தெரிந்ததெல்லாம் அலிக்கும் தெரியும் என்று தெரிந்தே, அந்த உடம்பை வைத்துக்கொண்டு மேடை ஏறிய ஒருவரை ‘யாரோ ஒருத்தன்’ என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

வரிசை போடுவதில் உள்ள கெடுதல் இதுதான். முதல் மூன்று பேருக்கு வெளியே இருப்பவர்கள் எல்லாம் பெரியவர்களை அளக்கிற படிக்கல்லாகிவிடுகிறார்கள். ‘நம்பர் ஒன் யார்?’ என்று கேட்டால் பதில் மூன்று பெயருக்குள் முடிந்துவிடும். ‘யார் யாரோடு, எந்த வயசில், எந்த உடம்போடு நின்றார்?’ என்று கேட்டால்தான் குவாரி, போனவேனா, எல்லிஸ் எல்லாம் ஆளாகத் தெரிவார்கள்.

1975-ல் ஒரு கண்ணில் அடிபட்டுப் பார்வை கெட்டதால் எல்லிஸ் ஓய்வு பெற்றார். அப்படியென்றால் பெரியப்பா மெட்ராஸில் பார்த்தது, நாற்பதைத் தொடப்போகிற, ஒரு கண் சரியில்லாத முன்னாள் சாம்பியனை. கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்து 2014-ல், 74 வயசில் எல்லிஸ் இறந்தார். அலி 2016-ல். வாங்கிய குத்துக்கு இருவருமே கடைசிவரை விலை கொடுத்தார்கள்.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா அந்த ஆளையும் கொஞ்சம் பாத்திருப்பேனேப்பா” என்றார்.