யாரும் போடாத குண்டு

பேஸ்பால் பந்து ஒன்றை ஒளியின் வேகத்தில் 90 சதவீத வேகத்தில் எறிந்தால் என்ன ஆகும்? 2012 ஜூலையில் ராண்டல் மன்றோ 'வாட் இஃப்?' தொடரைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் கேள்வி இதுதான். நம்ம ஊர் இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டிருந்தால் "அப்படியெல்லாம் எறிய முடியாது, உக்காரு" என்று முடித்திருப்பார். அந்தப் பதிலில் தப்பே கிடையாது. ஆனால் மன்றோ 'முடியாது' என்பதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சரி, எறிஞ்சாச்சு, அடுத்து என்ன என்று ஆரம்பிக்கிறார்.

அடுத்து வருவது சுமார் 70 நானோ நொடிகளின் கதை. பந்துக்கு முன்னால் இருக்கும் காற்று மூலக்கூறுகளுக்கு விலகி வழிவிட நேரமில்லை. அவை பந்தின் மேற்பரப்பில் மோதுகின்றன, அணுக்கரு இணைவு நடக்கிறது, காமாக் கதிர்கள் பாய்கின்றன, பந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாஸ்மாக் குமிழியாகிறது. மட்டை பிடித்து நிற்பவருக்கு இது எதுவுமே தெரியாது. எறிபவரின் கையைவிட்டுப் பந்து கிளம்பிய காட்சியைச் சுமந்துவரும் ஒளியும் அந்தப் பந்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. மைதானத்தைச் சுற்றி ஒரு மைலுக்கு எல்லாம் தரைமட்டம். இத்தனையும் சொல்லிவிட்டு மன்றோ பேஸ்பால் விதிப்புத்தகத்தைத் திறக்கிறார். விதிப்படி மட்டைக்காரர் 'பந்து மேலே பட்டவர்'. ஆகவே அவர் முதல் தளத்துக்குப் போகத் தகுதியானவர்.

இந்தக் கடைசி வரிக்குச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நகரத்தின் நடுவில் அணுகுண்டு வெடித்ததைத்தான் இப்போது படித்து முடித்திருக்கிறோம்.

மன்றோவைப் பற்றிச் சுருக்கமாக. 1984இல் பிறந்தவர், இயற்பியல் படித்தவர், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ரோபோக்களோடு வேலை பார்த்தவர். 2005இல் 'எக்ஸ்கேசிடி' என்ற இணையக் காமிக்ஸைத் தொடங்கினார். அது உச்சரிப்பே இல்லாத பெயர், எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும். தமிழில் எழுதும்போது அதற்கு ஒரு உச்சரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்ய. முகமில்லாத குச்சி மனிதர்கள், நிரல், கணிதம், காதல், கிண்டல். ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. பள்ளியின் மாணவர் பட்டியலையே அழித்துவிடும்படி மகனுக்குப் பெயர் வைத்த அம்மாவின் காமிக்ஸை யாராவது எப்போதாவது அவர்களுக்கு அனுப்பியிருப்பார்கள். 'வாட் இஃப்?' 2014இல் புத்தகமானது. இரண்டாம் பாகம் 2022இல் வந்தது.

இந்த வகை எழுத்துக்கு மன்றோ தகப்பன் இல்லை, பேரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அறிவியலில் விபரீதக் கற்பனைக்கு எப்போதுமே மரியாதை இருந்திருக்கிறது. ஷ்ரோடிங்கரின் பூனை 1935இல் ஒரு நையாண்டியாகத்தான் பெட்டிக்குள் போனது. பாவம், இன்றுவரை வெளியே வரவில்லை. மன்றோவின் உண்மையான மூதாதைகள் என்று நான் நினைப்பது இரண்டு பேரை.

முதலாமவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர். உயிரினங்களின் அளவைப் பற்றி 1926இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு சுரங்கக் குழி வருகிறது. ஆயிரம் கஜ ஆழத்துக்குள் ஒரு சுண்டெலி விழுந்தால் லேசான அதிர்ச்சியோடு எழுந்து நடந்துபோய்விடும். பெரிய எலி சாகும். மனிதன் உடைந்துபோவான். குதிரை? குதிரைக்கு அவர் போடும் வினைச்சொல் தண்ணீருக்குப் போடுவது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நகர்கிறது. ஹால்டேனின் அப்பா சுரங்க விபத்துகளில் தொழிலாளர்கள் எதனால் செத்தார்கள் என்று ஆராய்ந்த மருத்துவர். நச்சுக்காற்றைக் கண்டுபிடிக்கச் சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னவர். சிறுவன் ஹால்டேன் அப்பாவோடு சுரங்கங்களுக்குள் இறங்கியிருக்கிறான். அந்தக் குழியில் மனிதர்கள் நிஜமாகவே செத்திருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் குதிரை நகைச்சுவையின் அடியில் கரி படிந்த நிஜக் குழி ஒன்று இருக்கிறது.

இரண்டாமவர் என்ரிகோ ஃபெர்மி. சிகாகோவில் எத்தனை பியானோ சுருதி சேர்ப்பவர்கள் இருப்பார்கள் என்று மாணவர்களிடம் கேட்பாராம். யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மக்கள்தொகை இவ்வளவு, வீட்டுக்கு இத்தனை பேர், எத்தனை வீட்டில் பியானோ, ஒரு பியானோவுக்கு ஆண்டுக்கு எத்தனை முறை என்று தோராயமாகப் பெருக்கி வகுத்துக்கொண்டே போனால் உண்மைக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். 'வாட் இஃப்?' புத்தகத்தின் இன்ஜினே இதுதான். ஒரு மோல் மூஞ்சூறு பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வேதியியல் அலகுக்கும் மண்ணுக்குள் வாழும் அந்தப் பிராணிக்கும் ஒரே பெயர். மூஞ்சூறு என்பது நான் வசதிக்காகச் சொல்வது. ஒரு மோல் என்றால் 6.022க்குப் பின்னால் பத்தின் 23ஆம் அடுக்கு. ஒரு பிராணி 75 கிராம் என்றால் மொத்த எடை நிலவின் எடையில் பாதியைத் தாண்டுகிறது. விண்வெளியில் சேர்த்துவைத்தால் நிலவைவிடக் கொஞ்சம் பெரிய இறைச்சிக் கோளம் கிடைக்கும். மேலே உறைந்துபோன ரோமம், உள்ளே அழுகல், சூடு, மீத்தேன், அவ்வப்போது பீறிட்டு வெடிக்கும் பிணங்கள். ஒரு பெருக்கல் கணக்கு இவ்வளவு அருவருப்பாக இருக்க முடியும் என்று நமக்கு எந்தப் பாடப்புத்தகமும் காட்டியதில்லை.

ஆனால் ஃபெர்மியின் மிகப் பிரபலமான தோராயக் கணக்கு பியானோ இல்லை. 1945 ஜூலை 16 அதிகாலை, நியூ மெக்ஸிகோ பாலைவனம், உலகத்தின் முதல் அணுகுண்டுச் சோதனை. அதிர்வலை வந்து சேரும் நேரத்தில் ஃபெர்மி கையிலிருந்த காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அவை எவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழுந்தன என்று பார்த்து, பத்தாயிரம் டன் டிஎன்டிக்குச் சமம் என்றார். பிற்காலக் கணக்குகள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே சொல்கின்றன. காகிதத் துண்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் போனதே பெரிய விஷயம். இருபத்தோரு நாள் கழித்து ஹிரோஷிமா.

மன்றோவிடம் என் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவருடைய புத்தகங்களில் குண்டு திரும்பத் திரும்ப வெடிக்கிறது, ஆனால் குண்டு போட்டவன் இல்லை. பந்து தானாகவே அந்த வேகத்தில் கிளம்பிவிடுகிறது. நகரம் போகிறது, கண்டம் போகிறது, பூமியே ஆவியாகிறது. எறிந்தது யார், எந்தத் துறை பணம் ஒதுக்கியது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் கேள்வியிலேயே இல்லை. மன்றோ கொடூரமானவர் என்று நான் சொல்லவரவில்லை. அவரைவிட மென்மையான நகைச்சுவையாளர்கள் குறைவு. கீக் கலாச்சாரத்துக்கே இருக்கும் ஒரு வசதி இது. விளைவு எல்லாமே இயற்பியல் விளைவு. யாரும் யாரையும் கொல்லவில்லை, சும்மா செத்துப்போனார்கள். அதனால்தான் நம்மால் அவ்வளவு சுத்தமாகச் சிரிக்க முடிகிறது.

அவருடைய சிறந்த அத்தியாயங்கள் இந்த வசதி உடைகிற இடங்கள் என்பது என் எண்ணம். உலகத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடி ஒரே நேரத்தில் குதித்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. மன்றோ எல்லோரையும் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில் நிறுத்துகிறார். (எழுநூறு கோடிப் பேருக்கும் விசா எப்படிக் கிடைத்தது என்று மட்டும் சொல்லவில்லை.) எல்லோரும் குதிக்கிறார்கள். பூமி ஓர் அணுவின் அகலம்கூட நகரவில்லை. இயற்பியல் இரண்டு பத்தியில் முடிந்துபோகிறது. வேறு யாராக இருந்தாலும் அங்கே முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள். மன்றோ கேட்கிறார்: சரி, இப்போது இவர்கள் எல்லோரும் எப்படி வீட்டுக்குப் போவார்கள்?

செல்பேசிகள் முடங்குகின்றன. அங்கிருக்கும் விமான நிலையம் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பேரை அனுப்பக்கூடியது. அதை ஐந்து மடங்கு வேகத்தில் வருடக்கணக்காக ஓட்டினாலும் கூட்டம் குறைந்ததாகவே தெரியாது. நெடுஞ்சாலை நகராது. சாப்பாடு தீரும். சில வாரங்களில் அந்தச் சின்ன மாநிலம் கோடிக்கணக்கானவர்களின் இடுகாடாகிறது. நம் எல்லோரையும் கொன்றது புவியீர்ப்பு விசை இல்லை, போக்குவரத்து. கோயம்பேட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று, பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளை மூழ்கவைக்கும் குளத்தில் நீந்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி. நீர் மிக நல்ல கவசம், ஏழு சென்டிமீட்டருக்கு ஒருமுறை கதிர்வீச்சைப் பாதியாக்குகிறது. மேல்மட்டத்தில் நீந்தினால் தெருவில் நடப்பதைவிடக் குறைவான கதிர்வீச்சுதான் படும் என்கிறார் மன்றோ. நிம்மதியாக இருக்கிறது, இல்லையா? கடைசியில், உலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்கிறார். அந்தக் குளத்தில் குதிக்கப் போனால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னாலேயே செத்துவிடுவாய், துப்பாக்கிக் குண்டுபட்டு என்கிறார் நண்பர். புத்தகம் முழுக்க அணுக்கள் செய்துவந்த வேலையை இங்கே முதல்முறையாக ஒரு காவலாளி செய்கிறான். விளைவு இருக்கும் இடத்தில் ஒரு ஆள் வந்துவிடுகிறான். எனக்கு அந்தப் புத்தகத்திலேயே மிகப் பிடித்த நகைச்சுவை இதுதான்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். 'ஹவ் டூ' (2019) சின்ன வேலைகளை அபத்தமான வழிகளில் செய்வது பற்றியது. பாதிக்கு மேல் சூத்திரம் தெரிந்துபோய் அலுத்துவிடுகிறது. 'திங் எக்ஸ்ப்ளெய்னர்' (2015) ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ஆயிரம் சொற்களை மட்டும் வைத்து எல்லா இயந்திரங்களையும் விளக்கும் முயற்சி. அதற்கு விதை போட்டது சாட்டர்ன் 5 ராக்கெட்டை விளக்கிய ஒரே ஒரு காமிக்ஸ். ஒரு பக்கத்துக்கு அது அற்புதம், ஒரு புத்தகத்துக்கு இல்லை. கலைச்சொல் என்பது எப்போதுமே மிரட்டலுக்காக வைக்கப்படுவது என்ற எண்ணம் அதன் அடியில் ஓடுகிறது. தமிழில் படித்தவனுக்கு இது சரியாகப் படாது. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைக் கேட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதிப் பாடம் அந்தச் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. பெயரை எடுத்துவிட்டால் புரியும் என்பது பெயர்களெல்லாம் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்துசேர்ந்த மொழியின் கவலை.

கீக்குகளின் இன்னொரு கெட்ட பழக்கம் "இதுகூடத் தெரியாதா?" என்பது. நம்ம வாட்ஸப் குழுக்களிலும் இருக்கிறது, இலக்கியக் கூட்டங்களில் இன்னும் அதிகம். மன்றோ இதற்கு 2012இல் ஒரு வகுத்தல் கணக்கால் பதில் சொன்னார். முப்பது வயதுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் விஷயம் ஒன்று. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பிறப்புகள். அப்படியானால் சராசரியாக ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். கிண்டல் செய்யாதே, இன்றைக்கு அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர் உன் எதிரில் நிற்கிறார் என்கிறது காமிக்ஸ். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 2.3 கோடி என்று போட்டுப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 63 ஆயிரம் பேர் வருகிறார்கள். புதுமைப்பித்தனைப் படித்ததில்லை என்று சொல்லும் இருபது வயதுக்காரரிடம் முகம் சுளிப்பதற்கு முன்னால் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அன்பாக இரு என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்பாக இருக்கச் சொல்லி ஒரு கால்குலேட்டர் சொன்னதில்லை.

கணக்கு இவருக்கு ஒளிந்துகொள்ளும் இடமா, உணரும் வழியா என்ற கேள்விக்கு 'வாட் இஃப்?' புத்தகங்களை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. அவர் மணக்க இருந்த பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்பதை 2011இல் அவரே வாசகர்களுக்குச் சொன்னார். அந்த ஆண்டு 'லேன்ஸ்' என்று ஒரு காமிக்ஸ் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பாதைகளாகச் சிகிச்சைக்குப் பிந்தைய காலம் வரையப்பட்டிருக்கும். சில பாதைகள் நேராகப் போய்க்கொண்டே இருக்கும், சில நடுவில் திரும்பிவிடும். நாம் எந்தப் பாதையில் இருக்கிறோம் என்பது நமக்குத் தெரியாது. அவர் வழக்கமாகப் போடும் அதே மாதிரி வரைபடம்தான், பந்தையும் மூஞ்சூறையும் வரைந்த அதே கோடு. ஆனால் இங்கே நிகழ்தகவின் மேல் ஒருத்தி நடந்துகொண்டிருக்கிறாள். எறிந்தவன் இங்கேயும் இல்லை, உண்மையாகவே இல்லை, புற்றுநோய்க்கு வில்லன் கிடையாது. மற்ற இடங்களில் வசதியாக இருந்த அந்த இல்லாமை இங்கே தாங்க முடியாததாகிவிடுகிறது.

2012 கடைசியில் வந்த 'இரண்டு வருடங்கள்' இன்னும் நல்ல காமிக்ஸ். எண்களே அதிகம் இல்லை. அதற்குப் பிறகு 2017இல் 'ஏழு வருடங்கள்', 2020இல் 'பத்து வருடங்கள்' என்று தொடர்ச்சிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் தலைப்பே ஒரு எண், அந்த எண்ணே செய்தி. முதலாவதில் சிகிச்சைக்கு நடுவே இரண்டு பேரும் ஸ்கிராபிள் ஆடுகிறார்கள். அவள் அகராதியில் இல்லாத ஒரு வார்த்தையை அடுக்குகிறாள். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்கிறான் அவன். எனக்குப் புற்றுநோய்ப்பா என்று இழுக்கிறாள். விதிப்புத்தகத்தைத் திறந்து, தரைமட்டமான மைதானத்தில் இல்லாமல்போன ஆட்டக்காரனுக்கு முதல் தளத்தைக் கொடுத்த அதே மன்றோ, சரி என்று அந்த வார்த்தையை விட்டுவிடுகிறார்.