கேட்டுப் பெற்ற இசை

1973-இல் சியாட்டில் நகரத்தில் டேவிட் ஹாரிங்டன் என்ற இளம் வயலின் கலைஞர் வானொலியில் ஒரு படைப்பைக் கேட்டார். ஜார்ஜ் கிரம்ப் எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’. வியட்நாம் போரின் நிழலில் எழுதப்பட்ட அந்த இசையில் மின்பெருக்கி பூட்டிய தந்திகள் அலறும். வாசிப்பவர்களே பல மொழிகளில் எண்களைச் சொல்வார்கள். நீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுப்பார்கள். இதை வாசிக்கவேண்டும் என்பதற்காகவே ஹாரிங்டன் தொடங்கிய குழுதான் குரோனோஸ் குவார்டெட். தங்களுக்கென்று ஒரு புதுப் படைப்பு எழுதித் தரும்படி அவர் முதலில் அணுகியது கென் பென்ஷூஃப் என்ற இசையமைப்பாளரை. கொடுத்த சம்பளம், ஒரு பை டோனட்.

இக்குழு 1978-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. நம்மவர்கள் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பிளசன்டனில் பார்ட் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய ஊரில் குரோனோஸ் இருக்கிறது. கிளீவ்லாந்துக்கு விமானம்தான் ஏறவேண்டும். ஆண்டுதோறும் நாம் ஏறுவது விமானத்தில்.

ஸ்ட்ரிங் குவார்டெட் என்பது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடன் அதற்கு நிலையான உருவம் கொடுத்தார். நடுவில் நின்று கோலசைக்க ஆள் கிடையாது. நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசிக்கவேண்டும். அதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்வது கூட்டுக்குடித்தனத்தைவிடக் கடினம். ஹாரிங்டன், ஜான் ஷெர்பா, ஹாங்க் டட், ஜோன் ஜான்ரெனோ ஆகிய நால்வரும் 1978 முதல் 1999 வரை பிரியாமல் வாசித்தார்கள். பிறகு செல்லோவில் ஆட்கள் மாறினார்கள். 2024-இல் ஷெர்பாவும் டட்டும் ஓய்வுபெற, காப்ரியேலா டியாஸும் அயானே கொசாசாவும் வந்தார்கள். தொடங்கியவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் ஹாரிங்டன் மட்டுமே.

குரோனோஸின் சாதனை வாசிப்புத்திறனில் அடங்கிவிடுவதில்லை; அவர்களைவிடத் துல்லியமாக பேத்தோவன் வாசிக்கும் குழுக்கள் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளையும் இசைக்கோவைகளையும் பிறரிடம் கேட்டு வாங்கியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். அதற்காகவே இலாபநோக்கற்ற ஓர் அமைப்பை நடத்துகிறார்கள். 2015-இல் தொடங்கிய ‘ஃபிஃப்டி ஃபார் த ஃப்யூச்சர்’ திட்டத்தில் 25 பெண்கள், 25 ஆண்கள் என ஐம்பது பேரிடம் இளம் குழுக்களுக்காக எழுதி வாங்கி, இசைக்குறிப்புகள் அத்தனையையும் இணையத்தில் இலவசமாகத் தந்தார்கள். அதில் ஜாகிர் உசேன் எழுதிய ‘பல்லவி’யும் இருக்கிறது.

அவர்களிடம் போய்ச்சேர்ந்த இந்தியா எது என்று பார்த்தால், பெரும்பாலும் வட இந்தியா. ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் அவர்களோடு நட்பான டெர்ரி ரைலி, பண்டிட் பிராண்நாத்தின் சீடர். ராம் நாராயணின் சாரங்கி ஆலாபனை ஒன்றை 2009-இல் வந்த ‘ஃப்ளட்பிளெய்ன்’ தொகுப்பில் வாசித்தார்கள். அதற்கு முன், 2005-இல், ஆஷா போஸ்லேயோடு ஆர்.டி. பர்மனின் திரைப்பாடல்களைத் தொகுப்பாக வெளியிட்டார்கள். இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. அலி அக்பர் கான் சான் ரஃபேலில் கல்லூரி வைத்து வெள்ளைக்கார மாணவர்களுக்கு சரோத் கற்றுக்கொடுத்தார். நம் பாட்டு வகுப்புகளோ வார இறுதியில், நம் வீட்டு வரவேற்பறைகளில், நம் பிள்ளைகளுக்கு மட்டும் நடந்தன. இந்த ஊர்க்காரர்களின் காதில் எது விழுந்திருக்கும்?

அந்த பர்மன் தொகுப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆஷாவின் குரல் எழுபதைக் கடந்தும் குறும்பு குறையாமல் ஒலிக்கிறது. ஜாகிரின் தபலாவும் வூ மானின் பிபாவும் துணை நிற்கின்றன. ஆனால் பழைய பதிவுகளில் அறை கொள்ளாமல் உட்கார்ந்து வாசித்த பெயரில்லாத வயலின்காரர்களின் கூட்டு வேகம் இதில் இல்லை. எல்லாம் சுத்தமாகத் துடைத்து வைத்த பாத்திரம்போல் இருக்கிறது.

பெயரில்லாத அந்த வயலின்காரர்களுக்குச் சென்னையிலும் ஓர் உலகம் உண்டு. அங்கிருந்து எழுந்து வந்தது மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட். வி.எஸ். நரசிம்மன், மோகன் ராவ், பி.ஜே. சந்திரன், வி.ஆர். சேகர் ஆகிய நால்வரும் திரையிசைக் கூடங்களில் வாழ்ந்தவர்கள். நரசிம்மனின் வில்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தியாகராஜருக்கும் பாக்குக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய 1986-ஆம் ஆண்டின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் பேசும் வயலின் அவருடையது. 1993-இல் அவர் இக்குழுவைத் தொடங்கியபோது திரைப்பாட்டைத் தொடவில்லை. கீர்த்தனைகளை எடுத்தார். சான் பிரான்சிஸ்கோ குவார்டெட் பம்பாய் சினிமாவுக்குப் போக, சென்னை சினிமாக்காரர்கள் தியாகராஜரிடம் போனார்கள்.

அவர்கள் தொட்டது இருநூறு ஆண்டுகளாகக் கிடந்த ஒரு மிச்சத்தை. முத்துசுவாமி தீட்சிதர் கும்பினி பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் இயற்றினார். தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அந்த வாத்தியத்தில் பேர்பெற்றார். மெட்டை எடுத்துக்கொண்டோம், வாத்தியத்தை எடுத்துக்கொண்டோம், பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் ஹார்மனியை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டோம். காரணம் இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. அசைவே அதன் உயிர். அடியில் செல்லோ அசையாத சுரத்தைப் பிடித்து நின்றால், மேலே கமகம் வெறும் அலங்காரமாகக் காதில் விழும். கதனகுதூகலம்போல நேர்ச்சுரங்கள் துள்ளும் ராகத்தில் இந்தச் சிக்கல் குறைவு. கமகம் கனத்த ராகங்களில் மெட்ராஸ் குழு என்ன செய்தது? முதல் வயலினில் கீர்த்தனையை அப்படியே பாடவிட்டு, மற்ற மூவரையும் அடக்கி வாசிக்கவைத்தது.

குவார்டெட் இலக்கணப்படி இது குறைதான். நால்வரின் உரையாடல் இல்லை. ஒருவர் பாட மூவர் பக்கவாத்தியம். ஆனால் நம் கச்சேரியில் வயலின் எப்போதும் பாடகரின் பின்னால் நடப்பது. அது ஒருமுறை முன்னால் வந்து, மற்ற மூவர் விரித்த தரையில் உட்கார்ந்து பாடுகிறது என்று கேட்டால், அந்த வாசிப்பின் அழகு பிடிபடும். என் குறை வேறு. அவர்களுக்கென்று புதிதாக எழுதித்தர ஆட்கள் வரிசையில் நிற்கவில்லை. சபாக்கள் மார்கழிக்குப் பணம் கொடுத்தன. சினிமா கால்ஷீட்டுக்குக் கொடுத்தது. பிறகு கீபோர்டு வந்து கால்ஷீட்டையும் குறைத்தது. ஒரு குவார்டெட் நிலைத்து வாழத் தேவையான புதுப் படைப்புக்கு யாருடைய மடியிலும் காசு இல்லை. திறமையில் அவர்கள் குரோனோஸுக்கு இளைத்தவர்கள் அல்லர். ஆதரவில் இளைத்தார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பிளசன்டனில் ஒரு பெண்குழந்தை வாரநாளில் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் நாற்காலியில் அமர்ந்து, வயலினைத் தோளில் தாங்கி, தாளைப் பார்த்து வாசிக்கிறாள். சனிக்கிழமை ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப சுருதி சேர்த்து, தாளில்லாமல் வாசிக்கிறாள். ஒரே வாத்தியம், இரண்டு உடம்பு. ஒன்று கல்லூரி விண்ணப்பத்துக்கு, மற்றொன்று அரங்கேற்றத்துக்கு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டையும் அறிந்த அந்தக் கைகள் இரண்டையும் சேர்த்து வாசிக்க ஒரு பக்க இசைக்குறிப்பு நம்மிடம் உண்டா? பதினெட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எளிது. இரண்டு வாசிப்பிலும் முழுதாகத் தன்னைக் காணாத பிள்ளை வேறென்ன செய்யும்?

தமிழில் ‘கேட்பது’ என்றால் செவிகொடுப்பதும்தான், வேண்டிக்கொள்வதும்தான். ஹாரிங்டன் இரண்டையும் செய்தார். அரை நூற்றாண்டு இசை அதிலிருந்து பிறந்தது. நாம் செவிகொடுப்பதில் கெட்டிக்காரர்கள்: ராகத்தை முதல் பிடியிலேயே சொல்லிவிடுவோம். எழுதித் தரச் சொல்லி யாரிடமும் போய் நின்றதில்லை. நட்சத்திர இரவுகளுக்குப் பணம் திரட்டத் தெரிந்த சங்கங்கள், இந்தப் பகுதியிலேயே வளர்ந்து இசை பயின்ற ஓர் இளம் தமிழரிடம், நான்கு பிள்ளைகள் வாசிக்கும்படி தோடியில் பத்து நிமிடம் எழுதித் தா என்று கேட்கலாம். பெரிய தொகை வேண்டியதில்லை. ஒரு பை டோனட்டில் தொடங்கிய கணக்கு நம் எதிரிலேயே இருக்கிறது.