கடல் மயக்கமும் நம் பயண இலக்கியமும்

கடலைப் பற்றி எழுதுவோர் அலையை எழுதுகின்றனர், காற்றை எழுதுகின்றனர், பாய்மரம் முறிவதை எழுதுகின்றனர். அவ்வலையில் ஆடுகின்ற மனிதனின் வயிற்றை எழுதுவோர் மிக அரியர். நம் இல்லங்களில் பேணப்படும் ஹஜ்ஜுப் பயண நூல்களையே எடுத்துக்கொள்வோம். நாம் படித்தவற்றுள் பலவும் பம்பாயில் கப்பலேறியதைச் சொல்லி, ஓரிரு வரிகளில் ஜித்தாவில் இறங்கிவிடுகின்றன. இடைப்பட்ட நாள்கள் 'நலமே கழிந்தன' என்பது போன்றதொரு வாய்பாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

அவை நலமே கழிந்த நாள்கள்தாமா? மதுரையிலிருந்து இரயிலேறிப் பம்பாய் சென்று, மொகல் லைன் கப்பல்களில் ஹிஜாஸ் நோக்கிப் புறப்பட்டோருள் பலர், வைகையில் முழங்கால் நீருக்கு மேல் கண்டறியாதவர். ஹஜ்ஜின் காலமோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள்கள் முன்தள்ளி வருவது. 1985 முதல் 1990 வரையிலான ஆண்டுகளில் அது ஆகஸ்டிலும் ஜூலையிலும் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்கள் அவை. கண் காணும் அறை அசையாதிருக்க, காதின் உட்புறத்தே உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர, இரண்டின் சான்றும் முரண்படும்போது மூளை தடுமாறுகிறது, குமட்டல் எழுகிறது. அடித்தட்டில் படுத்திருப்போர்க்கு அடிவானமும் தெரியாது. மேல்தட்டிற்கு வந்து அடிவானத்தை நோக்கியிருப்பதும், ஆட்டம் குறைந்த கப்பலின் நடுப்பகுதியில் கிடப்பதும், வயிற்றை வெறுமையாகவும் விடாமல் நிரப்பவும் செய்யாமல் சிறிது சிறிதாக உண்பதும் இதற்குரிய பழைய உபாயங்கள். சில நாள்களில் உடல் பழகிவிடும். ஆனால் அந்தச் சில நாள்களை எழுத நம்மவர் கூசினர். புனிதப் பயணத்தின் வரலாற்றில் வாந்திக்கு இடமேது என்று எண்ணினர் போலும்.

இக்கூச்சத்திற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்பதே நம் வாதம். கடல் மயக்கத்தை அரபியர் 'மைத்' என்பர். அதற்கு ஆளானவர் 'மாயித்'. உம்மு ஹராம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. கடலில் மயங்கி வாந்தியெடுப்பவர்க்கு ஒரு ஷஹீதின் நற்கூலியும், மூழ்கி இறப்பவர்க்கு இரு ஷஹீத்களின் நற்கூலியும் உண்டு என்பது அதன் கருத்து. அறிவித்த அம்மையார் பின்னாளில் தாமே கடல் கடந்து சைப்ரஸ் தீவு சென்று அங்கேயே உயிர் நீத்தவர். ஃபிக்ஹு அறிஞரும் இதனை விட்டுவைக்கவில்லை. ஓடும் கப்பலில் காரணமின்றியே அமர்ந்து தொழுதாலும் அது நிறைவேறும் என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. கப்பலில் தலைசுற்றலே பெரும்பான்மை, ஆதலின் அது நேர்ந்துவிட்டதாகவே கொள்ளத்தக்கது என்று அதற்கு விளக்கம் தருகிறது ஹிதாயா. அவருடைய மாணாக்கர் இருவரும் மாறுபட்டு, உண்மையான தடை வேண்டும் என்றனர். சட்ட நூல் அமர்ந்து ஆராய்ந்த ஒன்றை இலக்கியம் முகம் சுளித்துக் கடந்து செல்கிறது!

இவ்வகையில் நமக்கு முன்மாதிரியாகத் தக்கவர் இப்னு பதூதா. 1355இல் நிறைவுற்ற தமது ரிஹ்லாவில், ஜித்தாவிலிருந்து முதன்முறையாகக் கடலேறியதை அவர் கூறுகிறார். ஷரீஃப் ஒருவர் தம் படகில் அழைத்தபோது அதில் ஒட்டகங்கள் இருந்தமையால் அஞ்சி மறுத்தார். இதற்கு முன் கடலேறியதில்லை என்பதையும் மறைக்கவில்லை. பின்னர்க் காற்று மாறி அலை படகினுள் புகுந்தபோது, பயணிகளுக்கு 'மைத்' கடுமையாயிற்று என்பதை ஒரே சிறு தொடரில் சொல்லிச் செல்கிறார். அலங்காரம் இல்லை, கூச்சமும் இல்லை.

அதே பயணிதான் 1344ஐ ஒட்டி இலங்கையிலிருந்து நம் மஃபர் கரைக்குப் புறப்பட்டவர். காற்று வலுத்தது, கப்பல் பாறைகளை நெருங்கித் தப்பி, ஆழமற்ற நீரில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். தம்மைச் சார்ந்தோரை மிதவையில் அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுதும் கப்பலிலேயே தங்கினார். விடிந்த பின் கரையோர மக்கள் படகுடன் வந்து காத்தனர். அக்காலை மதுரையை ஆண்ட கியாதுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. மதுரை வந்த இப்னு பதூதா, அங்கே பரவியிருந்த கொள்ளைநோய்க் காய்ச்சலுக்கு ஆளாகி, புளியைக் கரைத்துக் குடித்துக் குணமடைந்ததாக எழுதுகிறார். சுல்தானின் அரசவையை எழுதிய அதே கை, தன் வயிறு இளகியதையும் எழுதுகிறது. இந்நேர்மையே அந்நூலை ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக உயிருடன் வைத்திருக்கிறது என்று கருதுகிறோம்.

தமிழில் கடலின் ஆட்டத்தை எழுத்திலேயே கொணர்ந்தவர், அதே மதுரையில் இதழ்ப் பணியாற்றி வாழ்ந்த ப. சிங்காரம். 1938இல் சுமத்திரா சென்று போர்க்காலத்தை அங்கேயே கண்டவர். 1972இல் வெளிவந்த அவரது 'புயலிலே ஒரு தோணி' நாவலில், பினாங்கு நோக்கிச் செல்லும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதி உண்டு. அங்கே வாக்கியம் நிதானமாக எழுவாய் பயனிலை கொண்டு நடப்பதில்லை. வினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதுகின்றன. படிப்பவர்க்கே பிடிமானம் நழுவுகிறது. அரபியில் ஒரு சொல் செய்யும் வேலையைத் தமிழில் நடையைக் கொண்டே செய்து காட்டியவர் அவர். நம் வாசகக் குடும்பங்களில் இந்நாவலை அறியாதோர் இருப்பின் தேடிப் படிப்பது நலம்.

எனினும் அது ஒரு சிறு தோணியின் புயல். புயல் வீரத்திற்கு இடந்தரும். கப்பலில் குடியிருக்கும் வாழ்வு அதற்கு இடந்தராது. அவ்வாழ்வை எழுதுவது எப்படி என்பதற்கும் இப்னு பதூதாவிடமே செல்ல வேண்டியுள்ளது. கோழிக்கோட்டில் சீனப் பெருங்கப்பல்களைக் கண்டவர் அவர். 600 மாலுமிகளும் 400 வீரர்களும் கொண்டவை அவை. அறைக்குள் இருக்கும் பயணியை ஊர் சேரும் வரை உடன்வருவோர் அறியாதிருப்பதும் உண்டாம். மாலுமிகளின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தனர்; மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிட்டனர். இஞ்சி குமட்டலுக்கு மருந்தென்பது நம் பாட்டிமார் அறிந்ததே. எதற்காகப் பயிரிட்டனர் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தொட்டியைப் பார்த்து எழுதினாரே!

நம் ஹஜ்ஜுக் கப்பல்களில் எத்தனை தொட்டிகள் இருந்தனவோ! ஊறுகாய்ச் சாடியை யார் கொண்டு வந்தார், மயங்கிக் கிடந்த கிழவிக்கு யார் கஞ்சி புகட்டினார், எந்நாளில் முதன்முறையாக எழுந்து நின்று தொழ முடிந்தது என்பனவெல்லாம் எழுதப்பட வேண்டியவை. கடல்வழி ஹஜ் 1995இல் நின்றுவிட்டது. இறுதிக் கப்பல்களில் நாற்பது வயதில் சென்றோர்க்கு இன்று எழுபது கடந்துவிட்டது. பேத்திமார் கேட்டால் சொல்லக்கூடியோர் இன்னும் சிலர் உளர். கேட்போர் மக்காவில் தொடங்க வேண்டாம். கப்பலின் அடித்தட்டில் தொடங்குக.

கடற்பயணம் முடிந்து இறங்கியோர்க்குச் சில நாள் தரையே ஆடுவது போலிருக்கும் என்பர். நிலம் ஆடாதிருக்க மலைகள் நாட்டப்பட்டதைத் திருமறை கூறுமிடத்து வரும் வினையும், 'மைத்' என்ற அதே வேரிலிருந்து பிறந்ததே. சொற்பொருள் அறிந்த ஆலிம் ஒருவர் ஜித்தாக் கரையில் தள்ளாடி நின்றபோது அவ்வசனம் அவர் நினைவுக்கு வந்திருக்குமா? வந்திருப்பின், அதையும் அவர் எழுதாமல்தான் சென்றார்.