களவும் காவலும்

ஆவணப்படம் செய்தித்தாளும் அன்று. நீதிமன்றத் தீர்ப்பும் அன்று. நிகழ்ந்தவற்றுள் எதைக் காட்டுவது, எதை விடுப்பது என்று தெரிந்தெடுக்கும்போதே அது ஒரு கருத்தை உரைத்துவிடுகிறது. ஆகவே, காட்டப்பட்டது மெய்யா என்பதோடு, படத்தின் பார்வை யார்மேல் நிற்கிறது என்றும் ஆராய்வது திறனாய்வின் கடனாகும்.

காசியஸ் மைக்கேல் கிம் இயக்கிய ‘மேன் ஆன் தி ரன்’ 2023-இல் வெளிவந்தது. 2024 சனவரியில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக இல்லங்களை எட்டியது. 2009-இல் மலேசிய அரசு நிறுவிய 1எம்டிபி நிறுவனத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கே இப்படத்தின் பொருள். பினாங்கில் பிறந்து, குற்றஞ்சாட்டப்பட்டுத் தலைமறைவான ஜோ லோவையே தலைப்புச் சுட்டுகிறது.

படத்தின் சிறப்பை மறைத்தல் முறையன்று. பல நாட்டு வங்கிகளில் புகுந்து வெளிவந்த பணத்தின் வழியை அது எளியோரும் விளங்கிக்கொள்ளுமாறு காட்டுகிறது. ஊழலை வெளிப்படுத்திய கிளேர் ரியூகாசல் பிரவுன் பேசுகிறார். 2022 ஆகஸ்டில் சிறை புகுமுன் முன்னாள் பிரதமர் நஜிப் அளித்த நேர்காணலும் இடம்பெறுகிறது. இருபுறக் குரலையும் கேட்பித்தமை பாராட்டத்தக்கது.

குறை வேறிடத்தில் உள்ளது. உல்லாசக் கப்பலும் விருந்தும் தப்பியோட்டமும் திரையை நிறைக்கும்போது, கள்வனின் திறம்மீது எழும் வியப்பு, களவின்மீது எழவேண்டிய சினத்தை மழுங்கச் செய்கிறது. பூட்டைத் திறந்துவிட்ட காவலைப் பற்றியன்றோ முதலில் வினவ வேண்டும்? பிரதமரும் நிதியமைச்சரும் ஒருவரே. நிறுவன விதி 117-இன்படி முதன்மையான முடிவுகளுக்குப் பிரதமரின் எழுத்து ஒப்புதல் தேவைப்பட்டது. 2015 சூலையில் சட்டத்துறைத் தலைவரும் துணைப் பிரதமரும் பதவி நீக்கப்பட்டனர். இச்செய்தியை எழுதிய ‘தி எட்ஜ்’ இதழ்களின் வெளியீட்டு உரிமம் மூன்று மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. இவை கதையின் கிளைகள் அல்ல, வேர்கள். கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் வழிப்பறிக் கள்வனுக்கு உவமிப்பது ஓடி ஒளிந்தவனையன்று, கோலேந்தி நிற்பவனையே.

கள்வன், காவலன் ஆகியோருக்கு அப்பால் மூன்றாமவர் ஒருவர் உளர். அவரே பணத்தை உடையவர். படத்தில் அவர் முகம் தெளிவாகத் தோன்றவில்லை. கெடா மாணவர்க்கோ அம்முகம் அயலானதன்று. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் சீவியோர் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தனர். சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே. அங்கே ஒவ்வொரு வெள்ளிக்கும் உடையவர் பெயர் இருந்தது. பொதுக் கருவூலத்தில் போடும் பணத்தில் பெயர் எழுதப்படுவதில்லை. அதனாலேயே அது களவு போகும்போது தம்முடையது போயிற்று என்று எவரும் உணர்வதில்லை.

2015-இல் 1எம்டிபியின் கடன் ஏறத்தாழ 4,200 கோடி ரிங்கிட். அதே ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அவ்வரி இக்கடனுக்காகவே விதிக்கப்பட்டது என்பது பொருந்தாது. எனினும், 2018-இல் அது நீங்கும்வரை சுங்கைப் பட்டாணிக் கடையில் சவர்க்காரம் வாங்கிய தோட்டத் தொழிலாளியும் கருவூலத்துக்குப் பணம் தந்தவரே. அக்கருவூலமே பின்னர் அக்கடனைச் சுமந்தது. நாடு நொடித்து வீழவில்லை என்று ஆறுதல் கொள்வோர், வீழாமல் தாங்கிய தோள் எவருடையது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

ஓடியவன் எங்கே என்ற வினாவோடு படம் நின்றுவிடுகிறது. காவல் ஏன் உறங்கியது, பொருள் எவருடையது என்ற இரு வினாக்களையும் வகுப்பறை சேர்த்துக்கொள்ளுமாயின், இப்படம் பொழுதுபோக்காக முடியாது, குடிமைப் பாடமாகும்.