மீன் இழுக்கும்போது

ஹெமிங்வேயின் கிழவனைப் படித்துவிட்டுத் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் உண்டு. கடைக்குப் போனால் அவர்கள் கைக்கு வருவது வேறு இலக்கியம்: விலைப் பட்டியல். லேசான கோலுக்கு ஏற்ற ஸ்பின்னிங் ரீலுக்கு எத்தனை பேரிங்குகள், கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் நரம்பு எத்தனை சுற்று ஏறும், உடம்பு என்ன உலோகம் என்றெல்லாம் அதில் வர்ணனை இருக்கும். எழுதியவர் கைதேர்ந்தவர்தான். ஆனால் வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. மீன் இழுக்கும்போது இது எப்படி விட்டுக் கொடுக்கிறது?

இந்த ரீலின் பூர்வீகம் நூலாலை. 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆல்ஃப்ரெட் ஹோல்டன் இல்லிங்வொர்த், பிராட்ஃபோர்டில் ஆலை நடத்தியவர். நெசவில், நாடாவுக்குள் இருக்கும் தாரிலிருந்து நூல் நுனி வழியே உருவிக்கொண்டு வருகிறதல்லவா? அதே சூட்சுமம்தான். வீசும்போது உருளை சுழலாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக உதிரும். ஐந்தாறு கிராம் பொய் இரையைக்கூட எட்ட எறிய முடிவது அதனால்தான்.

வீசும்போது அசையாத அந்த உருளை, மீன் ஓடும்போது சுழன்று நரம்பைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு இழுத்தால் சுழலலாம் என்பதை பிரேக் திருகு நிர்ணயிக்கிறது. நரம்பு மூன்று கிலோ தாங்கும் என்றால், முக்கால் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ இழுப்பிலேயே பிரேக் வழுக்க வேண்டும். அதிலும் முக்கியம் வழுக்கத் தொடங்குகிற முதல் கணம். மட்டமான ரீல் முதலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு திடுக்கென்று விடும். தடித்த நரம்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். லேசான கோலில் கட்டும் மெல்லிய நரம்பு அந்தத் திடுக்கிலேயே அறுந்துவிடும். அப்போது பத்து பேரிங்குகள் இருந்து என்ன பிரயோஜனம்? கடையிலேயே திருகைத் தளர்த்தி, நரம்பைக் கையால் மெல்ல இழுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். எடை இருநூறு கிராமை ஒட்டி இருக்கட்டும். மற்றதெல்லாம் அவரவர் மணிபர்ஸைப் பொறுத்தது.

இதைத் தெரிந்துகொண்டு ஹெமிங்வேயிடம் திரும்பிப் போனால் அவர் வேறு மாதிரித் தெரிகிறார். 1925-ல் வந்த 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' கதையில் நிக்கிடம் இருப்பது பழைய மாதிரிச் சக்கரம். ஓடுகிற மீனை நிறுத்த அவனுக்கு வாய்த்த பிரேக், சொந்தக் கட்டைவிரல். பெரிய டிரவுட் மீன் ஒன்று ஓடுகிறது. ரீல் கிறீச்சிடுகிறது, கயிறு தீர்ந்து உருளையின் அடி தெரிகிறது. இடது கட்டைவிரலைச் சட்டத்துக்குள் சிரமப்பட்டு நுழைத்து அழுத்துகிறான். கயிறு விறைக்கிறது, மீன் எழும்பித் துள்ளுகிறது. கோல் நுனியைத் தாழ்த்திப் பார்க்கிறான். அறுந்துவிட்டது. அவனுக்குக் கை நடுங்குகிறது. யுத்தத்திலிருந்து திரும்பியவன் நிக். கதையில் யுத்தத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. அதன் பாரமெல்லாம் ஒரு கட்டைவிரலின் அழுத்தத்தில் வந்து நிற்கிறது. சாமான் விவரம்தானே என்று இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறவனுக்குக் கதையே கிடைக்காது.

1952-ல் வந்த கிழவனுக்கு ரீலும் இல்லை, கோலும் இல்லை. (ஹெமிங்வே தம் படகில் பெரிய பெரிய ரீல்களை வைத்துக்கொண்டு மார்லின் பிடித்தவர். கிழவனுக்கு ஒன்று கொடுத்திருந்தால் புஸ்தகம் பாதியாகக் குறைந்திருக்கும்!) கயிற்றைப் படகில் கட்டினால் மீன் அறுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் முதுகும் உள்ளங்கையுமே பிரேக் ஆகின்றன. கை அறுபடுகிறது, இடக்கை மரத்து இழுத்துக்கொள்கிறது. இந்த இடங்கள் அபாரம். ஆனால் கிழவன் பேசிக்கொண்டே இருக்கிறான். மீன் தன் சகோதரன் என்கிறான். நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டிய அர்த்தத்தை ஆசிரியர் நம் கையில் திணிக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. 1953-ல் புலிட்சர் பரிசு பெற்ற புஸ்தகம், உலகமே கொண்டாடியது. இருந்தாலும் நிக்கின் கதையைத்தான் நான் மேலே வைப்பேன். மீனை இழந்த பிறகு அவன் தத்துவம் எதுவும் பேசுவதில்லை. கட்டைமேல் உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைக்கிறான். பிறகு புதிய கொக்கியை எடுத்துக் கட்டுகிறான்.